வெந்நீர் போன வழி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'மறுபடி' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. அவள் காதுபட யாரும் சொன்னதும் கிடையாது. ஆனாலும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் அந்தக் கட்டிடத்தில் ஒரு பெயர் உலவிவிட முடியுமா என்ன? எந்த முடிவைக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தாலும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளை ஒரு பார்வை, கொண்டுவந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மறுபடி பாருங்க" என்பாள். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. பாலைக் காய்ச்சுவதற்கு முன்னால் மோந்து பார்ப்பாள், காய்ச்சிய பிறகும் மோந்து பார்ப்பாள். பழக்கடைக்காரர் போனால் போகிறதென்று நல்ல பழமாகப் பொறுக்கிக் கொடுத்தால், "அடியில இருக்கறதை ஏன் மறைக்கறீங்க?" என்று கேட்பாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடைக்காரரிடம் விசாரிப்பாள். மருந்துக்கடைக்காரர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் விசாரிப்பாள். அதற்குள் காய்ச்சல் அதுவாகவே அலுத்துப்போய் இறங்கிவிடும்.

அவளுடைய கணவர் இதற்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். முன்பின் தெரியாத ஆளின் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுக்கிற மனிதர். "உலகத்துல பாதிப் பேர் நல்லவங்கதான்" என்பார். "எந்தப் பாதி?" என்பாள் அவள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரைக்கும் போய்விட்டு, திரும்பி நடந்து வந்து, பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அவர் ஸ்கூட்டரின் எஞ்சினைக்கூட அணைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். திட்டமாட்டார், பழகிவிட்டது.

இப்படிப்பட்டவளுக்கு எந்த வேலை பொருந்தும் என்று சொல்லுங்கள். கல்யாணமான புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்தாள். நன்றாக எழுதுகிற பிள்ளைகளை எல்லாம் எழுப்பி நிற்கவைத்து, யாரைப் பார்த்து எழுதினாய் என்று குடைந்தாள். பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதோடு அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இந்தக் கல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள்தான், முடி நரைத்தும் இங்கேயே இருக்கிறாள். கல்லை எத்தனை தடவை குடைந்தாலும் அது அழாது, அதன் அப்பா அம்மா சண்டைக்கு வரமாட்டார்கள்.

அவள் பார்ப்பது பெரும்பாலும் சேற்றுப் பாறை. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறு, அதன் மேலே மேலும் சேறு விழுந்து அழுத்தி, இறுகிக் கல்லானது. கையில் எடுத்தால் கறுப்பாக, மொழுக்கென்று, ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். அதைத் தாளைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் உள்ளே இருக்கிற கால்சைட் மணிகள் தெரியும். சுண்ணாம்புக் கல்லில் இருக்கிற அதே கால்சைட்தான். இங்கே மாவுத் துகள்போலச் சிதறிக் கிடக்கும். சில மணிகள் குளிர்ந்த கடல் தண்ணீரில் சேறோடு சேறாகப் பிறந்தவை. சில மணிகள் ரொம்பக் காலம் கழித்து வந்தவை. பூமிக்கடியிலிருந்து வெந்நீர் கிளம்பி, பாறையின் விரிசல் வழியாக ஏறி வந்தபோது, அந்த வெந்நீரில் வளர்ந்தவை.

எது எப்படிப் பிறந்தது என்று மணியிடமே கேட்கலாம். வளரும்போது ஒவ்வொரு மணியும் தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரில் ஒரு பொட்டை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். சூடாகப் பிடித்த தண்ணீர் ஆறினதும் சுருங்கும். சுருங்கிய இடத்தில் ஒரு குமிழி நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் பொருத்தியிருக்கிற சின்ன அடுப்பில் மணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் குமிழி குறுகிக் குறுகி மறைந்துவிடும், தண்ணீர் பழையபடி இடமெல்லாம் நிறைந்துவிடும். அந்த வெந்நீர் குறைந்தது அவ்வளவு சூட்டிலாவது வந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். மனிதன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஓடிய வெந்நீருக்கு அவள் இப்படித்தான் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

பிடித்த வேலையே ஒருநாள் கழுத்தைப் பிடித்தது.

அவளுடைய அக்கா ஒரு மலைச்சரிவில் குடியிருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். புருஷன் போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்தே ஒரு வீட்டைக் கட்டியவள். முதலில் ஒரு அறையும் சமையல்கட்டும்தான் இருந்தன. அப்புறம் பக்கத்தில் ஒரு அறை, பின்னால் குளியலறை, மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வீடு மெதுவாக வளர்ந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு உயரத்தில் தரை. புதிதாக வருகிறவர்கள் படி தடுக்கி விழுவார்கள். "பார்த்து வாங்க, இங்க நான் கொஞ்சம் வளர்ந்துட்டேன்" என்று அக்கா சிரிப்பாள்.

மலையின் அந்தப் பக்கம் ஒரு சுரங்கம். ஈயமும் துத்தநாகமும் தோண்டுகிறார்கள். வெந்நீர் சும்மா வராது, இந்த உலோகங்களைக் கரைத்து எடுத்துக்கொண்டுதான் வரும். வந்த வழியில் எங்காவது இறக்கிவைத்துவிட்டுப் போகும். அந்த வழி மலையைத் துளைத்துக்கொண்டு அக்காவின் தெருவுக்கு அடியிலும் போகிறதா என்பதுதான் கேள்வி. போகிறது என்றால் சுரங்கம் இந்தப் பக்கமும் வரும், தெரு போய்விடும். போகவில்லை என்றால் கம்பெனி அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆழமாகத் துளை போட்டுப் பார்க்கச் சுரங்கத் துறை அதிகாரி அனுமதி தரவில்லை. முதலில் மேலாகத் துளைத்து எடுத்த கல்லை எங்காவது கொடுத்துச் சோதித்து ஆதாரம் காட்டுங்கள் என்றுவிட்டார்.

எங்கே கொடுப்பது என்று ஒரு கூட்டம் போட்டார்கள். கம்பெனி சொன்ன இடத்தைத் தெரு நம்பவில்லை. தெரு சொன்ன இடத்தைக் கம்பெனி நம்பவில்லை. அப்போதுதான் அக்கா எழுந்து, என் தங்கைதான் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"உங்க தங்கச்சி உங்களுக்குச் சாதகமாத்தானே சொல்லுவாங்க?" என்றார் கம்பெனி ஆள்.

"அவளா? சின்ன வயசுல நான் ஊட்டிவிட்டா, நீ ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுன்னு சொன்னவ அவ. கூடப் பிறந்தவளையே நம்பாதவ உங்களை ஏமாத்த மாட்டா, என்னையும் ஏமாத்த மாட்டா" என்றாள் அக்கா.

கூட்டமே சிரித்தது. கம்பெனி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை, அவர்களுடைய ஆள் ஒருவர் ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் அக்காவிடம் போனில் கெஞ்சினாள். "வேணாம்க்கா. வேற யாராவது பார்க்கட்டும்."

"வேற யாராவது பார்த்தா நான் நம்ப மாட்டேன்டி."

"வேற மாதிரி வந்துட்டா?"

"வராது. எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. அந்த வாரமே குளியலறைக்குப் புது டைல்ஸ் ஒட்ட ஆள் கூப்பிட்டுவிட்டாள்.

கல் வந்து சேர்ந்தது, கூடவே கம்பெனி ஆளும். வழுக்கைத் தலை, மடிப்புக் கலையாத சட்டை, எதற்கெடுத்தாலும் ஒரு புன்னகை. சிரிக்கிறவர்கள் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு சந்தேகக் கண். பெட்டிகளின் முத்திரையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டியும் பார்த்தாள்.

"வெண்ணெய் டப்பா இல்ல மேடம், கல்லுதான்" என்றார் அவர்.

"கல்லை மாத்தி வைக்கிறதும் சுலபம்தான் சார்" என்றாள் அவள். அதற்கும் சிரித்தார்.

கல்லை அறுத்து ஸ்லைடு ஆக்குவது அறுப்புக்காரரின் வேலை. அவரும் இந்த ஆய்வுக்கூடத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள்தான். அறுப்பு மெஷின் இருக்கிற அறையில் சேற்றுத் தண்ணீர் தெறித்த ஏப்ரனோடு நாளெல்லாம் நிற்பார். சூடுபார்க்கிற ஸ்லைடு என்றால் கை வெதுவெதுப்புக்குமேல் சூடு காட்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கால்சைட் மென்மையானது. அதை அளவுக்கு மீறிச் சுட்டால், உள்ளே இருக்கிற நீர்ப்பொட்டு வீங்கித் தன் அறையின் சுவரைத் தள்ளிப் பெரிதாக்கிவிடும். அப்புறம் குமிழியும் பெரிதாகிவிடும், மறையவும் கூடுதல் சூடு கேட்கும். அந்தக் கல் அதற்குப்பின் பொய்தான் சொல்லும். அதனால் தானாக இறுகுகிற பசையில்தான் ஒட்ட வேண்டும், மெதுவாகத் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும்.

முதல் ஸ்லைடைப் பார்த்தாள். குமிழி நூறு டிகிரியைத் தாண்டியும் நின்றது. நூற்றைம்பதையும் தாண்டியது. நூற்றுத் தொண்ணூறை நெருங்கும்போதுதான் மறைந்தது. அடுத்த ஸ்லைடும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கம்பெனி ஆள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல சூடு போல இருக்கே" என்றார்.

அவளால் நம்பவே முடியவில்லை. நம்ப மாட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கொதிக்கிற தண்ணீரையும் உருகுகிற பனிக்கட்டியையும் வைத்து அடுப்பைச் சோதித்தாள், அடுப்பு சரியாக இருந்தது. சூடு தெரிந்த பழைய கல்லை வைத்துப் பார்த்தாள், அதுவும் சரியாக இருந்தது. பெட்டியைச் சந்தேகித்தாள். கம்பெனி ஆள் கைகழுவப் போனபோது அவர் விட்டுப்போன பையையே கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளுடைய கண் மெல்ல அறுப்பு அறையின் பக்கம் திரும்பியது.

அறுப்புக்காரர் கொஞ்ச நாளாகவே சரியில்லை. போன் வந்தால் வெளியே போய்விடுகிறார். குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். அவள் அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று நிறுத்திவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார். ஒருநாள் "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க சார், நான் யார்கிட்டயும் சொல்லலை" என்று போனில் அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. சார் என்றால் எந்த சார்? கம்பெனி ஆளும் அதே நேரத்தில் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாரே! இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். கூட்டுவதற்கு அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

மறுநாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கலைந்த பிறகு, சத்தமில்லாமல் அறுப்பு அறைக்குள் நுழைந்தாள். அறையில் யாரும் இல்லை. மூலையில் ஹாட்பிளேட் இருந்தது. ஸ்லைடைக் காயவைக்கிற தட்டு. சூடு கூட்டுகிற அதன் திருகைக் கை வெதுவெதுப்புக்குமேல் திருப்பக் கூடாது. ஆனால் திருகு கடைசி வரைக்கும் திருப்பப்பட்டிருந்தது. தட்டின் ஒரு ஓரத்தில் மலைக்கல் ஸ்லைடுகள் வரிசையாகக் கிடந்தன. மறு ஓரத்தில் மூடி திறந்த ஒரு சாப்பாட்டு டப்பா ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அறுப்புக்காரர் ஸ்பூனைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னண்ணே இது?"

"சாப்பாடு மேடம்."

"சாப்பாடு தெரியுது. திருகை யார் திருப்பினது?"

"ஆறின சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கலை மேடம். கொஞ்ச நேரம்தான் வைப்பேன்."

"ஸ்லைடு கிடக்கறப்பவா?"

"ஓரமாத்தானே கிடக்கு" என்று மென்று விழுங்கினார்.

இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. குதிக்க வேண்டும்போல இருந்தது. சூடு மலையுடையது இல்லை, இந்த ஆளுடைய டப்பாவுடையது! அக்காவின் வீடு பிழைத்தது, புது டைல்ஸும் பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் அறுப்புக்காரரைக் கையோடு டைரக்டரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இவர் கம்பெனியோட கூட்டு சார். வேணும்னே சுட்டிருக்கார். போன்ல யார்கிட்டயோ ரகசியம் பேசறார். கேளுங்க" என்றாள்.

டைரக்டர் சண்டை என்றாலே ஒதுங்குகிற மனிதர். "அப்படியா? யார்கிட்ட பேசினீங்க?" என்று அறுப்புக்காரரிடம் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அறுப்புக்காரர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். பிறகு குரல் உடைந்தது. "மாத்தல் கேட்டுத்தான் சார் பேசினேன். தலைமை ஆபீசுக்கு. வேற எந்த லேபா இருந்தாலும் பரவாயில்லைன்னு."

"ஏன்?"

"இவங்களோட முடியலை சார். வெட்டிக் குடுத்தா மறுபடி, ஒட்டிக் குடுத்தா மறுபடி. கனவுலயும் மறுபடின்னுதான் கேக்குது. டப்பாவை வச்சது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா காசு வாங்கினேன்னு சொல்லிட்டாங்களே சார்."

டைரக்டரின் மேஜையிலேயே அந்த மாற்றலைப் பற்றி விசாரித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் கிடந்தது. அவர் அதைத் தள்ளிக் காட்டினார். அவள் படித்தாள், வழக்கம்போல மறுபடியும் படித்தாள். அதில் வேறு எதுவும் இல்லை. தன் மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "டப்பா டப்பாதான் சார். ஸ்லைடு எல்லாம் கெட்டுப் போச்சு. மறுபடி பண்ணணும்" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அறுப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயத்தைக் கேள்விப்பட்டதும் கம்பெனி ஆளின் சிரிப்பு முதல்முறையாக நின்றது. "சூடுன்னு வந்ததும் ஸ்லைடு கெட்டுப்போச்சு. குளிர்னு வந்திருந்தா கெட்டிருக்குமா மேடம்? உங்க அக்கா வீடு அங்கதானே இருக்கு?" என்றார். "எனக்கே காது குத்தறீங்களா?"

அவளுக்குப் பதில் இருந்தது. குளிர் என்று வந்திருந்தாலும் மறுபடி பார்த்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அது நிஜமா என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. குளிர் என்று வந்திருந்தால் அவள் அன்றைக்கு மத்தியானம் அறுப்பு அறைக்குள் பூனைபோல நுழைந்திருப்பாளா? நேரே கல் பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள்.

மீதமிருந்த கல்லை அவளே அறுத்தாள். மெஷின் அருகே அறுப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் முதல் துண்டை உடைத்தாள். இரண்டாவது துண்டை அளவுக்கு மீறித் தேய்த்து ஓட்டையாக்கினாள். அவருக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவள் வேர்த்து விறுவிறுத்து ஒப்பேற்றினாள். பசை சூடில்லாமல் தானாக இறுகும்வரை காத்திருந்தாள். அந்த நாட்களில் அறையில் யாருமே டீகூடக் குடிக்கவில்லை.

ஸ்லைடுகள் தயாரானதும் எலக்ட்ரான் கதிர் பாய்ச்சுகிற கருவியில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கதிர் பட்டால் கால்சைட் மணிகள் ஒளிரும். விரிசல்களின் ஓரத்தில் இருந்த மணிகள் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தன, அவற்றில் குமிழி நின்றது. விரிசலைவிட்டுத் தள்ளிச் சேற்றுக்குள் கிடந்த மணிகள் மங்கலாகக் கிடந்தன, அவற்றின் நீர்ப்பொட்டில் குமிழியே இல்லை. அவை குளிர்ந்த கடலின் பிள்ளைகள். இரண்டு வகையும் ஒரே கல்லில், பக்கத்துப் பக்கத்து வீடுபோல இருந்தன.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். பின்னால் கம்பெனி ஆள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். விழித்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எந்த மணியை அளப்பது என்று முடிவு செய்கிறவள் அவள்தான். மங்கலான மணிகளை மட்டும் பொறுக்கிப் பார்த்தால் போதும். பொய்யே சொல்ல வேண்டாம். அளந்தது எல்லாம் உண்மையாகவே இருக்கும், நிம்மதியாகக் கையெழுத்தும் போடலாம். அக்கா தைத்துக் கட்டிய வீடு, ஏறி இறங்குகிற தரை, அந்தத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படியே இருக்கும். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. ஆசையாக இருந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடலாம். அவளுக்கு அந்த நிமிஷம் அப்படிச் செய்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆனால் ஊரில் ஒருத்தரையும் நம்பாதவள் தன்னை மட்டும் எப்படி நம்புவாள்? பழக்கடைக்காரரைப் பார்க்கிற அதே கண்ணால் தன்னைப் பார்த்தாள். பார்த்த ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நேரே அறுப்பு அறைக்குப் போனாள்.

"அண்ணே, இந்த ஸ்லைடையெல்லாம் வேற மலைக்கல் ஸ்லைடோட கலந்துடுங்க. எது எதுன்னு எனக்குத் தெரியக் கூடாது. பேரை மறைச்சிடுங்க. எந்த மணியை அளக்கணும்னு நீங்களே வட்டம் போட்டுக் குடுங்க. ரெண்டு வகையிலயும் போடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் போட்டா நம்புவீங்களா மேடம்?"

"நம்ப மாட்டேன். ஆனா என்னைவிட உங்களை நம்பறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல நீங்க என்னைப் பத்திச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதுதான்" என்றபடி பேனாவை எடுத்தார்.

அவள் அளந்தாள். எந்த மலை என்று தெரியாமல், எது அக்காவின் தெரு என்று தெரியாமல், வட்டம் போட்ட மணிகளை எல்லாம் ஒன்று விடாமல் அளந்தாள். முடிந்ததும் அறுப்புக்காரர் ஒட்டியிருந்த தாள்களைப் பிரித்தார். அக்காவின் தெருவுக்கு மேலே எடுத்த கல்லில், ஆரஞ்சு மணிகள் எல்லாம் நூற்றைம்பது டிகிரியில் வந்து நின்றன. டப்பா நாற்பது டிகிரியைக் கூட்டியிருந்தது, மீதி மலையுடையதுதான். அவளுக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பாறை முழுவதுமே ஆழத்தில் புதைந்து சூடாகியிருந்தால்? அப்படியென்றால் வெந்நீர் வந்தது என்று சொல்ல முடியாதே. சேற்றில் கலந்து கிடந்த, சூடு ஏற ஏறக் கறுத்துக்கொண்டே போகிற மக்கிய செடித் துகள்களின் நிறத்தைப் பார்த்தாள். அவை அறுபது டிகிரியைத் தாண்டியதாகத் தெரியவில்லை. சுற்றியிருந்த சேறு வெதுவெதுப்பாகக் கிடந்தபோது, விரிசலில் மட்டும் கொதிநீர் ஏறியிருக்கிறது. சந்தேகப்பட அவளிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. வாழ்க்கையில் முதல்முறை அது. கொஞ்சம்கூட நன்றாக இல்லை.

"மறுபடி பார்க்கலாமா மேடம்?" என்று அறுப்புக்காரரே மெதுவாகக் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டுக் கேட்டார்.

"வேணாம்ணே" என்றாள்.

அறிக்கை போய்ச் சேர்வதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினாள். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்த் தெருவின் அடியில் விட்டார். "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஏறினாள். அன்றைக்கு வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்றே அவளுக்கு நினைவில்லை.

அக்கா மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் மிதித்த கால் நின்றது.

"சூடுதான்க்கா" என்றாள் தங்கை. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அக்கா கேட்பாள் என்று வழியெல்லாம் பதில்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். யார் அறுத்தது என்று கேட்டால் நானேதான் என்று சொல்ல வேண்டும். மெஷின் சரியா, பெட்டியை மாற்றினார்களா, யாராவது ஏமாற்றினார்களா, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அக்கா ஒன்றையும் கேட்கவில்லை. பாதியில் நின்ற காலரை எடுத்து நூலை அறுத்தாள்.

"ஏதாவது கேளுக்கா. சந்தேகம் இருந்தா கேளு."

"என்னத்தைக் கேக்கறது? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கம்பெனிக்காரன் சொல்லியிருந்தா ரோட்டுல படுத்திருப்பேன். அதிகாரி சொல்லியிருந்தா கோர்ட்டுக்குப் போயிருப்பேன். இப்ப நீ சொல்லிட்டே. இனி நான் யார்கிட்டடி சண்டை போடறது?"

தங்கை, நான் வேண்டாம் என்றுதானே கெஞ்சினேன் என்று சொல்லியிருக்கலாம். அது நியாயமும்கூட. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து அந்த நியாயத்தைப் பேச அவளால் முடியவில்லை.

அதற்குள் விஷயம் எப்படியோ கசிந்து தெருவே வாசலில் கூடிவிட்டது. அக்கா வெளியே வந்து, "சூடுதானாம்" என்று மட்டும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி தங்கையைக் கையை நீட்டிக் காட்டி, "எவ்வளவு குடுத்து வாங்கினாங்களாம் இவளை?" என்று கத்தினாள்.

அக்கா சட்டென்று திரும்பினாள். "வாயை மூடு. அவளை யாராலயும் வாங்க முடியாது. முடியும்னா நான் வாங்கியிருக்க மாட்டேனா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கை வெளியே நின்றாள்.